பிரசங்க மேடைக்குத் தடை

போதகர் கடவுளை நம்புகிறார் என்று சபையின் தலைமை அலுவலகத்துக்குப் புகார் போனது. நம்புவது குற்றமல்ல, ஆதாரம் காட்டாமல் நம்புவதுதான் குற்றம். எதையும் நிரூபித்த பிறகே நம்புவது என்பது அப்போது படித்தவர்களிடையே புது மோஸ்தர். தலைமை அலுவலகம் அதை விதியாகவே ஆக்கிவிட்டிருந்தது. விசாரணை முடியும்வரை அவர் பிரசங்க மேடை ஏறக் கூடாது.

மேடை போனால் வீடும் போகும். அது சபை கொடுத்த வீடு. போதகர் மனைவியைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு விசாரணைக்குப் போனார்.

விசாரணை அதிகாரி மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“கடவுள் இருக்கார்னு எப்படித் தெரியும்?”

“ஜெபிக்கும்போது தெரியுதுங்க. காலையில காபி குடிச்சது தெரியுற மாதிரி.”

“காபி குடிச்சதுக்கு ஆதாரம்?”

“ஞாபகம்தான்.”

“ஞாபகம் பொய் சொல்லாதுங்கறதுக்கு?”

“இதுவரைக்கும் பெரும்பாலும் சரியாத்தானே இருந்திருக்கு.”

“அதுவும் ஞாபகம்தான். தள்ளுபடி.”

“நான்தான் காபி போட்டுக் கொடுத்தேன்,” என்றார் மனைவி.

அதிகாரி அவரை உற்றுப் பார்த்தார். “அம்மா, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குன்னு முதல்ல நிரூபிங்க. சாவி கொடுத்த பொம்மையும் இப்படிப் பேசலாம்.”

“மனசு இல்லாமலா இந்த மனுஷனோட இத்தனை வருஷம் குப்பை கொட்டினேன்?”

“பொம்மையும் இதைத்தான் சொல்லும்.”

போதகருக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது. “ஐயா, அடித்தளம்னு ஒண்ணு இல்லாம சுவர் எழும்புமா? சிலதை நம்பித்தான் மத்ததையே ஆரம்பிக்கணும். தப்புன்னு காட்டுங்க, திருத்திக்கிறேன். காட்டுற வரைக்கும் நம்புறதுல என்ன குத்தம்? சரி, எதுக்கும் ஆதாரம் வேணும்னு விதி போட்டீங்களே, அந்த விதிக்கு என்ன ஆதாரம்?”

“அது… பார்த்தாலே தெரியுதே!”

சொன்ன பிறகுதான் அதிகாரி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தலைமை அலுவலகம் கூடி, ஆழ்ந்து ஆலோசித்து, ஆணை பிறப்பித்தது: ‘மேற்படி விதி, விதியாக இருக்கும் காரணத்தால், ஆதாரம் காட்டுவதிலிருந்து விலக்களிக்கப்படுகிறது. கடவுளும், மறுபரிசீலனைக்கு உட்பட்டு, தற்காலிகமாக அனுமதிக்கப்படுகிறார்.’

அடுத்த ஞாயிறு போதகர் மேடை ஏறினார். முன்வரிசையில் அதிகாரியே வந்து உட்கார்ந்திருந்தார். போதகர் முழங்கினார்: “அடித்தளத்துல உறுதியா நில்லுங்க! ஆனா தப்புன்னு தெரிஞ்சா உடனே திருத்திக்குங்க. தாழ்மை வேணும், தாழ்மை!”

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் பூரித்துப்போய்ச் சொன்னார். “பார்த்தியா, சபையே தலையாட்டிச்சு. அந்த அதிகாரிகூட!”

“தூங்கி விழுந்தாங்க.”

“இல்லை. என் கண்ணால பார்த்தேன்.”

“அவர் குறட்டையே விட்டாருங்க. நான் பக்கத்துலதானே இருந்தேன்.”

போதகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அது குறட்டை இல்லை. மனசு உருகி விட்ட பெருமூச்சு.”