தோற்காத மேட்சுக்கு ஒரு மொட்டை

கடவுளிடம் மனம்விட்டுப் பேசுவதற்கு முன்னால், பக்கத்தில் இருப்பவர் கையில் செல்போன் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இந்தச் சின்ன விஷயத்தை எனக்கு இருபத்தைந்து வயதுவரை யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தால் என் நிச்சயதார்த்தப் போட்டோக்களை இப்படிப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒளித்துவைக்க வேண்டி வந்திருக்காது.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் இருந்தோம். அப்பா கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர். அம்மா, நான், தங்கை பத்மா. நான் தினமும் பஸ் பிடித்துத் துவாக்குடிக்குப் போய் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வருவேன். எனக்கு இந்த உலகத்தில் இரண்டே பெருமைகள். ஒன்று, இடுப்புக்குக் கீழே தொங்கும் என் பின்னல். இன்னொன்று, இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணி. ஆண்கள் ஆடினால் ஊரே பார்க்கும். பெண்கள் ஆடினால் எங்கள் வீதியில் பார்க்கிற ஒரே ஜீவன் நான்தான். அதனாலேயே அவர்கள் ஜெயிப்பதும் தோற்பதும் என் சொந்தப் பொறுப்பு என்று ஒரு எண்ணம் எனக்கு. (எண்ணமா அது? கொழுப்பு.)

பின்னல்தான் எனக்குக் கல்யாணத்தையும் நிச்சயம் செய்தது. தில்லைநகரிலிருந்து ராகவனும் அவன் அம்மாவும் பெண் பார்க்க வந்தபோது, அந்த மாமி என்னைப் பாடவும் சொல்லவில்லை, சமைப்பேனா என்றும் கேட்கவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி, பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "என்னமா இருக்கு! கல்யாணத்தன்னிக்கு ஆண்டாள் கொண்டைக்குச் சவுரியே வேண்டாம் போல இருக்கே!" என்றாள். அங்கேயே முடிந்துவிட்டது. இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டுக் காலை டிபனிலிருந்து எல்லாவற்றையும் பத்மா அதில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

நிச்சயதார்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதுதான் ஆஸ்திரேலியாவுடன் மூன்றாவது மேட்ச் வந்தது. முதல் மேட்ச் அவர்களுக்கு, இரண்டாவது நமக்கு. இதில் ஜெயிப்பவருக்குத் தொடர். ஆஸ்திரேலியப் பெண்களோடு ஆடுவது என்றாலே எனக்குப் பயம். நாம் ஜெயித்துவிட்டோம் என்று நாம் நினைக்கிற நேரத்தில் அவர்கள் ஆட்டத்தையே ஆரம்பிப்பார்கள்.

நம்மவர்கள் இரண்டாவதாக ஆடினார்கள். முதலில் எல்லாம் சுகமாகத்தான் போனது. நடுவில் எழுந்துபோய் அம்மாவுக்கு வத்தக்குழம்புக்குப் புளி கரைத்துக்கொடுக்கும் அளவுக்கு நிம்மதியாக இருந்தேன். பிறகு விக்கெட்டுகள் விழ ஆரம்பித்தன. ஐந்தாவது விக்கெட்டுக்கு ரங்கநாதருக்குத் துளசி மாலை வேண்டிக்கொண்டேன். ஏழாவது விக்கெட்டுக்குப் பன்னிரண்டு பிரதட்சிணம். ஒன்பதாவதும் விழுந்தபோது, எங்கள் ஊர்ப் பெருமாள் இதில் தலையிடுவதாக இல்லை என்று தெரிந்துபோயிற்று. (அவர் சயனத்தில் இருப்பவர். அவசரத்துக்கு எழுப்ப முடியாது.) அப்போதுதான் எனக்குக் குணசீலத்துப் பெருமாள் ஞாபகம் வந்தது. காவிரிக் கரையோடு மேற்கே போனால் அரைமணி, முக்கால்மணி தூரம். நின்ற கோலம். கையில் செங்கோல் வேறு. இந்த மாதிரி வேலைக்கு நிற்கிற பெருமாள்தான் சரி என்று ஸ்ரீரங்கத்தில் பிறந்த என் புத்திக்குப் பட்டது.

கடைசி ஓவரில் ஏழு ரன் வேண்டும். களத்தில் இருந்த இரண்டு பேருமே பந்து வீசுவதற்காக அணியில் இருந்தவர்கள். முதல் பந்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு ரன். மூன்றாவது பந்து பேட்டின் ஓரத்தில் பட்டுக் கீப்பரைத் தாண்டி நாலுக்கு ஓடியது. மூன்று பந்தில் இரண்டு ரன்தான்! அடுத்த பந்தைச் சுழற்றினாள், படவில்லை. ஐந்தாவதும் படவில்லை. நான் சோபாவிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டேன்.

காந்தி மார்க்கெட்டில் பேரம் பேசத் தெரியாதவள் நான். பெருமாளிடம் மட்டும் எப்படிப் பேசுவேன்? கேட்பதைக் குறைத்து, கொடுப்பதை ஏற்றிவிட்டேன். இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, வீதிமுனை வரை கேட்கும்படி கத்தினேன்.

"குணசீலத்துப் பெருமாளே! ஜெயிக்கக்கூட வேண்டாம், தோக்காம மட்டும் பாத்துக்கோ! மொட்டை போட்டுக்கறேன்! முழு மொட்டை!"

பூமுடி என்று சொல்லியிருக்கலாம். மூன்று இடத்தில் நுனியைக் கத்தரித்தால் வேலை முடிந்தது. முழு மொட்டை என்று சொல்லச் சொல்லி என்னை யார் அடித்தார்கள்?

கடைசிப் பந்தைத் தட்டிவிட்டு ஓடினார்கள். ஒரு ரன் முடிந்தது. ஸ்கோர் சமம். இரண்டாவது ரன்னுக்குப் பாதி வழி வந்தபோது பந்து கீப்பர் கைக்கு வந்துவிட்டது. ரன் அவுட். மேட்ச் டை. இரண்டு கேப்டன்களும் ஆளுக்கு ஒரு பக்கம் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஜெயித்த மாதிரியும் இல்லாமல் தோற்ற மாதிரியும் இல்லாமல் அழுதுகொண்டிருந்தேன். பத்மா என் வேண்டுதலிலிருந்து அந்த அழுகைவரை எல்லாவற்றையும் வீடியோவில் பிடித்து, "அக்காவோட பக்தியைப் பாருங்கோ" என்று எழுதிக் குரூப்பில் போட்டுவிட்டாள்.

வத்தக்குழம்பு கொதித்து இறங்குவதற்குள் தில்லைநகர் மாமியிடமிருந்து போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"வீடியோ பார்த்தேன். சந்தோஷம். என்னிக்குக் குணசீலம் போறேள்?"

அம்மா சிரித்தாள். "அது ஏதோ சின்னப் பொண்ணு வாய்தவறிச் சொல்லிட்டா, மாமி."

"பெருமாள் கிட்ட சொன்னது வாய்தவறினதுன்னு ஆகுமோ? பிரார்த்தனையைப் பாக்கி வெச்சுண்டு சுபகாரியம் பண்ணப்படாது. எங்காத்து வழக்கம் அது. நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடி முடிச்சுடுங்கோ."

அம்மாவின் சிரிப்பு நின்றது. "நிச்சயதார்த்தத்துக்குப் பொண்ணு மொட்டையோடயா வந்து நிக்கறது?"

"நானா வேண்டிண்டேன்?"

அப்பா போனை வாங்கினார். முப்பது வருஷம் வக்கீல்கள் வாதாடுவதைக் கேட்டவர் ஆயிற்றே. "மாமி, நன்னா யோசிச்சுப் பாருங்கோ. மேட்ச்ல நம்மவா ஜெயிக்கலை. டை ஆயிடுத்து. பலிக்காத பிரார்த்தனைக்கு எப்படிக் காணிக்கை?"

 பதிலுக்குச் செல்போனில் என் குரலே கேட்டது. மாமி இன்னொரு போனில் வீடியோவை ஓட்டியிருக்கிறாள். "ஜெயிக்கக்கூட வேண்டாம், தோக்காம மட்டும் பாத்துக்கோ!"

"தோத்தாளா?" என்றாள் மாமி.

"தோக்கலை," என்றார் அப்பா.

கேஸ் அங்கேயே தள்ளுபடி. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு ராகவன்மேல் ஒரு நம்பிக்கை இருந்தது. கட்டிக்கப் போகிறவன் இல்லையா, ஒரு வார்த்தை அவன் அம்மாவிடம் சொல்லமாட்டானா? போன் செய்தேன்.

"நீங்க என்ன நினைக்கறேள்?"

"அம்மா சொல்றது கரெக்டுதானே? முடி வளர்ந்துடும்." கொஞ்சநேரம் யோசித்துவிட்டுக் கேட்டான். "ஆமா, டைன்னா என்ன?"

இந்த மனிதனோடு நான் ஒரு ஆயுளைக் கழிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று பின்னலை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு வெகுநேரம் அழுதேன். எனக்கு அந்த முடி அவ்வளவு பிடிக்கும். மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் கல்யாணம் நின்றுவிடும், "கிரிக்கெட்டால கல்யாணம் நின்னுபோன பொண்ணு" என்று நாலு வீதியும் பேசும். அப்பாவுக்கு வெளியே தலைகாட்ட முடியாது. அதற்குக்கூட நான் துணிந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அடுத்த மாதம் இங்கிலாந்து வருகிறது. பெருமாளை ஏமாற்றிவிட்டு அந்தத் தொடரை நான் எந்த முகத்தோடு பார்ப்பேன்? (பைத்தியக்காரி என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது.)

குணசீலத்துக்கு எல்லோரும் பஸ்ஸில் போனோம். சித்தம் கலங்கியவர்களை அந்தக் கோயிலில் கொண்டுவந்து வைத்துக் குணமாக வேண்டிக்கொள்வது வழக்கம். என் முகம் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டுப் பக்கத்து சீட் அம்மாள் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள். "எத்தனை நாளா இப்படி இருக்குங்க?"

"சின்ன வயசுலேர்ந்தே," என்றாள் அம்மா. அவள் கிரிக்கெட்டைச் சொன்னாள்.

மாமி எங்களுக்கு முன்னாலேயே வந்து முடியிறக்கும் இடத்தில் காத்திருந்தாள். முடி எடுப்பவர் என் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கத்தியைக் கீழே வைத்தார்.

"இவ்ளோ முடியை இறக்குறீங்களே, என்ன வேண்டுதல்மா? உடம்புக்கு முடியலையா?"

"கிரிக்கெட்டுண்ணா."

"ஜெயிச்சுட்டாங்களா?"

"இல்லைண்ணா. டை."

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். "டைக்கா மொட்டை? ஏங்க, பூமுடி போதாதுங்களா?"

என் உயிரே திரும்பிவந்தது. மாமி பக்கம் திரும்பினேன். மாமி கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். அந்த வீடியோவை மறுபடியும் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

நிச்சயதார்த்தத்தில் நான் எப்படி இருந்தேன் என்று விவரிக்க எனக்கு மனமில்லை. தலை நிறையச் சந்தனம், அதற்குக் கீழே அரக்குப் பட்டு. பூ வைக்க வந்த சுமங்கலிகள் தட்டை ஏந்திக்கொண்டு எங்கே வைப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் மல்லிகைச் சரத்தை என் காதில் மாட்டினார்கள். போட்டோக்காரர் மட்டும் என்னைப் பார்த்து, "மேடம், லேசா தலையைச் சாய்ங்க, லைட் அடிக்குது," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ராகவன் ஒரு தடவைகூட என் கழுத்துக்கு மேலே பார்க்கவில்லை.

கொண்டை கட்டுகிற அளவுக்கு முடி வளரட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள். ஒன்பது மாதம் கழித்தும் சவுரி நிற்கவில்லை. எங்கே கொக்கி மாட்டினாலும் நழுவியது. மாலை மாற்றும்போது என் மாமா என்னைத் தோளில் தூக்கியதும் ஆண்டாள் கொண்டை அப்படியே கழன்று, நாதஸ்வரக்காரர் மடியில் விழுந்தது. அவர் வாசிப்பதை நிறுத்தாமல் ஒரு கையால் அதை எடுத்து நீட்டினார்.

இப்போது நான் தில்லைநகரில் இருக்கிறேன். முடி தோள்வரை வந்ததும் வளர்வதை நிறுத்திக்கொண்டது. அதைவிடப் பெரிய விபரீதம் ஒன்று நடந்தது. என் தலையை வாங்கிய அந்த ஆட்டம் அப்படி என்னதான் ஆட்டம் என்று பார்க்க உட்கார்ந்த என் மாமியார், பிறகு எழுந்திருக்கவே இல்லை. இன்றைக்கு எந்தப் பந்து வீச்சாளருக்கு எந்தத் தோளில் வலி என்பதுவரை அவளுக்குத் தெரியும். ராகவனுக்கும் டை என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது. எங்கள் ஆறு வயதுப் பெண் யாராவது கையைக் கூப்பினாலே, "அம்மா, மொட்டை!" என்று கத்துவாள்.

ஆனால் கடைசி ஐந்து ஓவர் வந்தால் எனக்கு ஹாலில் இடம் கிடையாது. நான் வாயைத் திறந்து எதையாவது வேண்டிக்கொண்டுவிடுவேனாம். "வைதேகி, மாடியில காயப்போட்ட வடாத்தை எடுத்துண்டு வா," என்பாள் மாமியார். மாடியில் வடாம் கிடையாது. அது எங்கள் இருவருக்குமே தெரியும். படியேறிப் போய்த் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு மேட்சின் கடைசிப் பந்தைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை.

போன மாதம் ஆஸ்திரேலியா மறுபடி வந்தது. மறுபடி ஒன்றுக்கு ஒன்று, மறுபடி மூன்றாவது மேட்ச். நான் மாடியில் இருந்தேன். கீழேயிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினேன். ஹாலில் ராகவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தான். மாமியார் கண்ணில் தண்ணீர்.

"ஜெயிச்சுட்டோமா? எப்படி? யார் அடிச்சா?" என்றேன்.

மாமியார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் என்னை அவ்வளவு பிரியமாக அவள் பார்த்ததில்லை.

"நீ மாடியில இருந்ததாலதான்டி ஜெயிச்சோம்," என்றாள். "இனிமே எந்த மேட்சா இருந்தாலும் முதல் ஓவர்லேர்ந்தே அங்கேயே உக்காந்துக்கோ."

மறுநாள் ராகவன் மாடியில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான்.