முடியாத பாதரசக் கணக்கு

"ஐயோ தம்பி, நான் சம்பல் அரைக்கத்தான் கழட்டினனான்!"

நாகேஸ்வரியின் ஒரு கையில் கிரைண்டர் வயர், மறு கையில் சுஜிதனின் கணினி வயர். மூன்று நாளாக இரைந்துகொண்டிருந்த பெட்டி வாயடைத்துப் போயிருந்தது.

"பறவாயில்லை அன்ரி. முதல்ல இருந்து திரும்ப ஓடவிடுறன்."

சுஜிதன் இரசாயன ஆராய்ச்சி மாணவன். ஊர் கொக்கிளாய். அங்கே கரண்ட் சரியில்லை என்று, கணக்கு முடியும்வரை மட்டும் உருத்திரபுரத்தில் நாகேஸ்வரி வீட்டு முன்னறையை எடுத்திருந்தான். அவளுக்குக் கணவர் இல்லை. ஒரே மகள் லண்டனில். அவன் வருமுன் அந்த வீட்டில் கதைத்தது ரேடியோ மட்டும்தான்.

"அப்பிடி என்னதான் கணக்கு?" எத்தனை தரம் கேட்டும் விளங்காததை மறுபடி கேட்டாள்.

"பாதரசம் சேர்ந்த மூலக்கூறு அன்ரி. அதில ரெண்டு அணுக்கரு ஒண்டையொண்டு எவ்வளவு உணருது எண்டு பாக்கிறன். பாதரசம் பாரமான அணு, சும்மா கணக்குச் சரிவராது. நாட்கணக்கா ஓடும்."

"பக்கத்தில இருக்கிறது உணருதோ எண்டு அறிய இவ்வளவு பாடோ!"

செய்த பிழைக்கு ஈடு செய்யவேண்டாமா? பெட்டி சுடுகிறதே என்று, மேசை விசிறியை அதே பிளக்கில் சேர்த்துச் செருகினாள். டப்! வீடே இருண்டது.

"பறவாயில்லை அன்ரி."

வெள்ளிக்கிழமை, கணக்கு நல்லபடி முடியட்டும் என்று அறை நிறையச் சாம்பிராணி போட்டாள். பெட்டி புகையை இழுத்து, இருமுவதுபோல் முனகி, நின்றேவிட்டது.

"பறவாயில்லை அன்ரி," என்று சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் புட்டுக் கேட்டான்.

ஏசியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். பெட்டி நிற்கும் போதெல்லாம், இன்னும் சில நாள் வீட்டில் ஒரு ஆள் இருக்கும் என்று உள்ளுக்குள் சந்தோசம் எட்டிப் பார்த்ததே, அதுதான் அவளைத் தின்றது. கணக்கு முடிந்தால் அவன் போய்விடுவான். முடியாவிட்டால் அவன் படிப்புப் போய்விடும். ஒரு பிள்ளையின் எதிர்காலத்தில் மண்ணைப் போட்டுவிட்டு அவனுக்கே சோறும் போடுகிறேனே, பாவி!

ஞாயிற்றுக்கிழமை, சுஜிதன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது, அவனோடு படிக்கும் அனோஜன் மோட்டார் சைக்கிளில் வந்தான். நாகேஸ்வரி அவனை வாசல் படலையிலேயே மறித்தாள்.

"தம்பி, மூண்டு தரமும் கணக்கைக் கெடுத்தது நான்தான். உங்கட புரொபெசரிட்டச் சொல்லுங்கோ, பெடியனில ஒரு பிழையும் இல்லை எண்டு. அவன்ர படிப்பை நிப்பாட்டிப் போடாதையுங்கோ."

அனோஜன் கிணற்றடிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அந்தக் கணக்குப் போன மாசமே முடிஞ்சு புரொபெசரிட்டக் குடுத்தாச்சு அன்ரி, கொக்கிளாயில அவனுக்கு ஆர் இருக்கினம், இஞ்ச இருந்து போக மனமில்லாமல் முடிஞ்சதையே திரும்பத் திரும்ப ஓடவிடுறான்!"