மாமனார் வீட்டுக் காகிதங்களுக்கு நான் போட்ட பிளாஸ்டிக் சட்டை

புது மாப்பிள்ளைகளுக்கென்று ஒரு வியாதி உண்டு. மாமனார் வீட்டில் யார் எதைக் கேட்டாலும், "அதுக்கென்ன, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிடுவார்கள். கிணற்று மோட்டார் ஓடவில்லையா, நான் பார்த்துக்கிறேன். மாடு கன்று போடப் போகிறதா, நான் பார்த்துக்கிறேன். எனக்கும் அந்த வியாதி இருந்தது. கொஞ்சம் முற்றியே இருந்தது. (இப்போது பூரண குணம். எந்த மருந்தில் குணமானது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.)

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். தேனியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியாராக இருந்தேன். வாத்தியார் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மவுஸை எப்படிப் பிடிப்பது என்பதை ஒரு வாரம் முழுக்கச் சொல்லிக்கொடுப்பேன், அவ்வளவுதான். ஆனால் கம்பத்திலிருந்த என் மாமனார் வீட்டில் நான் ஒரு விஞ்ஞானி.

மாமனார் லோயர் கேம்ப் மின் நிலையத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். முப்பது வருடம் எந்திர இரைச்சலுக்குள் நின்றவர், என்ன பேசினாலும் யாருக்கும் கேட்கப் போவதில்லை என்று முடிவுகட்டியிருக்க வேண்டும். அவர் பங்குக்கும் சேர்த்து அத்தை பேசிவிடுவார். என் மனைவி செல்வியின் அக்கா மலேசியாவில் இருந்தார். அவருக்கு ஒரே பெண் குழந்தை. அந்தக் குழந்தையை அத்தை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில், "அம்மாச்சி, எப்ப வருவ?" என்று அது கேட்கும். அத்தை போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகத் துலக்குவார்.

பணி ஓய்வு பெற்ற வெளிநாட்டுக்காரர்கள் வந்து வருடக்கணக்கில் தங்கிக்கொள்ள அந்த நாட்டில் ஒரு விசா இருந்தது. அக்கா விசாரித்து, வேண்டிய காகிதங்களின் பட்டியலை எனக்கு மெயிலில் அனுப்பினார். ஜனவரியில் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள். முதல் நாள் அதன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட வேண்டும். அத்தையின் ஆசை அது ஒன்றுதான்.

"அதுக்கென்ன அத்தை, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

பென்ஷன் உத்தரவு, பள்ளிச் சான்றிதழ், டாக்டர் சான்றிதழ் எல்லாம் எளிதில் கிடைத்தன. போலீஸ் சான்றிதழுக்காக விசாரணைக்கு ஒரு ஏட்டய்யா வீட்டுக்கு வந்தார். அத்தை ஒரு தட்டு நிறையப் பன்னீர் திராட்சையை அவர் முன்னால் வைத்தார்.

"இவரு மேல கேஸு கீஸு எதுவும் இருக்காம்மா?"

"கேஸா? இந்த மனுசன் வாயத் தொறந்தாத்தான கேஸு வர்றதுக்கு?"

ஏட்டய்யா சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார்.

திருமணச் சான்றிதழ்தான் இல்லவே இல்லை. கல்யாணமாகி முப்பத்தேழு வருடம் ஆகியும் இருவரும் பதிவு செய்திருக்கவில்லை. (யார் செய்தார்கள் அந்தக் காலத்தில்?) சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். எங்களுக்கு முன்னால் வீட்டுக்குத் தெரியாமல் வந்த ஓர் இளம் ஜோடி நடுங்கிக்கொண்டு நின்றது. குமாஸ்தா தலை நிமிராமலேயே, "மணப்பெண் யாரு?" என்றார். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "நாந்தேன்" என்றார். இளம் ஜோடிக்கு நடுக்கம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. மாமனார் மின் நிலைய லாக் புத்தகத்தில் போடுவது போல் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டார்.

இப்படி நான்கு மாதம் அலைந்து எல்லாக் காகிதமும் சேர்ந்தது. சென்னையில் ஒரு ஏஜெண்டிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அன்றைக்குத்தான் அத்தை கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தார்.

"நாலு மூலையிலயும் லேசா மஞ்சத் தடவிருவோம் மாப்ள. மொட்டையா அனுப்புனா காரியம் வெளங்காது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அத்தை, இது கல்யாணப் பத்திரிகை இல்ல. வெளிநாட்டு ஆபீசுக்குப் போறது. மஞ்சக் கறையப் பாத்தா அப்படியே தூக்கி எறிஞ்சிருவாக." (இது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது.)

"எறிய மாட்டாக மாப்ள. காஞ்சு போனா தட்டுனா உதுந்துரும்."

அத்தையோடு வாதாடி ஜெயித்தவர் அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. நான் கண் அசந்த நேரத்தில் தடவிவிடுவார் என்பது நிச்சயம். அதனால் ஜெராக்ஸ் எடுக்கப் போவதாகச் சொல்லி ஃபைலைத் தூக்கிக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரு லேமினேஷன் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா பென்ஷன் உத்தரவைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"அசலுக்கா சார் போடச் சொல்றீக?"

"நகலுக்குப் போட்டு என்னம்மா செய்ய?"

"நல்லா ரோசிச்சுக்கங்க. உள்ள போனா வெளிய வராது."

"வரக் கூடாதுன்னுதாம்மா போடுறேன்."

ஒவ்வொன்றாக மெஷினுக்குள் போய், வாட்டிய அப்பளம் மாதிரி சூடாகவும் விறைப்பாகவும் வெளியே வந்தன. பாஸ்போர்ட் அளவுப் போட்டோக்கள் எட்டையும் வரிசையாக அடுக்கி ஒரே பிளாஸ்டிக்கில் போடச் சொன்னேன். (தொலையாதல்லவா?) பாஸ்போர்ட்டையும் நீட்டினேன். "இது பொஸ்தகம் சார், மிசினு மென்னுரும்" என்று அந்த அம்மா கண்டிப்பாக மறுத்துவிட்டார். இன்றைக்கும் அவர் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போடுகிறேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிவைத்தேன். அத்தை விடவில்லை, மஞ்சளைத் தொட்டு ஒரு மூலையில் வைத்தார். விரல் வழுக்கிக்கொண்டு போனது. நான் துண்டால் ஒரு துடை துடைத்தேன். போயே போய்விட்டது.

"பாத்தீகளா அத்தை? ஒட்டாது!"

மாமனார் திருமணச் சான்றிதழை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார். "இன்சுலேஷன் நல்லாருக்கு" என்றார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அந்த மனிதர் அதுவரை என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

சென்னையில் ஏஜெண்ட் ஃபைலைத் திறந்தார். முதல் காகிதத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். பிறகு கடகடவென்று கடைசிவரை புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், இது ஒவ்வொண்ணுக்கும் பின்னால அரசாங்க முத்திரை வாங்கணும். அதுக்கு மேல தூதரகத்து முத்திரை. எங்க சார் குத்துவாங்க?"

"மேலயே குத்தலாமே?"

அவர் மேஜையிலிருந்த தன் அலுவலக முத்திரையை எடுத்துப் பிளாஸ்டிக் மேல் ஓங்கிக் குத்தினார். அழகாக விழுந்தது. கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தார். காணாமல் போனது.

"ஒட்டாது சார்" என்றார்.

அப்போதும் ஒரு சந்தேகத்தைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "சார், ஒருவேளை காகிதத்துல மஞ்சள் கிஞ்சள் பட்டிருந்தா..."

"மஞ்சளா? அதெல்லாம் யாரும் கண்டுக்க மாட்டாங்க சார்." இன்னொரு ஃபைலை எடுத்துக் காட்டினார். எந்த ஊர்ப் பெரியவருடையதோ, நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வேறு. பின்பக்கம் முத்திரைகள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன.

ஊர் திரும்பியதும் யாருக்கும் உண்மையைச் சொல்லாமல் சரிசெய்துவிடலாம் என்று பார்த்தேன். சூடுபட்டு ஒட்டியது சூடுபட்டால் பிரியும்! (விஞ்ஞானியல்லவா?) மாமனார் வீட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிப் போலீஸ் சான்றிதழ் மேல் வைத்தேன். நாற்றம் கேட்டுச் செல்வி ஓடி வந்தாள். அவள் பின்னால் அத்தை, அவர் பின்னால் மாமனார். மூன்று பேர் பார்க்க நான் பிளாஸ்டிக்கைப் பிடித்து மெதுவாக உரித்தேன். அது பிரிந்தது. கூடவே எழுத்துகளும் பிரிந்து வந்தன. மாமனார் மீது எந்தக் குற்றமும் இல்லை என்ற செய்தி முழுக்கப் பிளாஸ்டிக்கில் இருந்தது. என் கையில் வெள்ளைத் தாள்.

"எங்கப்பா இப்பத்தாங்க நெசமாவே சுத்தமான ஆளு" என்றாள் செல்வி.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். அத்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப சனவரிக்குப் போக முடியாதா மாப்ள?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு நான் பட்ட வெட்கத்தை இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் காது சுடுகிறது. மாமனார் குனிந்து இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். "மொதல்லருந்து ஆரம்பிப்போம்" என்றார்.

மறுபடியும் சார்பதிவாளர் அலுவலகம். நான் நீட்டிய பிளாஸ்டிக்கைப் பார்த்துவிட்டு, குமாஸ்தா பக்கத்து மேஜைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். புதுச் சான்றிதழ் வேண்டுமென்றால் இருவரும் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும், புதிதாக ஜோடிப் போட்டோவும் வேண்டும் என்றார். அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள்தான் போனில் குழந்தையிடம், "சனவரிக்கு வர முடியாதுடி தங்கம்" என்று சொல்லியிருந்தார். கண் வீங்கியிருந்தது, தலைகூடச் சரியாக வாரவில்லை. நான் எதிர்ச் சுவரில் இருந்த அறிவிப்புகளை எல்லாம் மனப்பாடமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று மாமனாரைக் காணவில்லை. பத்து நிமிடம் கழித்து வந்தார். கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம். அதை அத்தையின் மடியில் வைத்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "போட்டோ எடுக்கணும்ல" என்றார். பிரித்தால், இரண்டு முழம் மல்லிகைப் பூ.

அத்தை பூவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகத் தலையை வாரிப் பூவை வைத்துக்கொண்டார். குமாஸ்தா வழக்கம்போல் தலை நிமிராமல், "மணப்பெண் யாரு?" என்றார். "நாந்தேன். நல்லா எளுதிக்கங்க" என்றார் அத்தை, அந்த ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி.

இந்த முறை எல்லாக் காகிதத்துக்கும் நானே மஞ்சள் தடவினேன். விசா கிடைத்தது. ஆனால் குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து நான்கு மாதம் கழித்துத்தான் அவர்களால் போய்ச் சேர முடிந்தது.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் என் கையில் காகிதம் கொடுப்பதில்லை. என் சொந்த மகளின் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. யார் கல்யாணத்திலாவது தாலி கட்டி முடித்ததும், "சர்டிபிகேட்ட மட்டும் தேனி மாப்ள கண்ணுல காட்டிராதீக, மறுபடி கட்ட வேண்டி வந்துரும்" என்று ஒரு குரல் கேட்கும். ஊருக்கு வந்திருந்தால் அத்தையும் விட மாட்டார். "ஒரே மனுசன மூணு தடவ கட்டிக்கிட்டவ நான் ஒருத்திதேன்" என்பார்.

சில வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனது கேட்காமல், போனில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அட போங்க மாப்ள" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இத்தன வருசத்துல அந்த மனுசன் எனக்குப் பூ வாங்கிக் குடுத்தது அந்த ஒரு நாளுதேன். அங்கன வீட்டுல எங்க பேப்பரு வேற ஏதாச்சும் கெடக்கும். ஒண்ண எடுத்து லேமினேசன் போட்டு விடுங்க" என்றார்.