பதினோரு வருடமாக இல்லாதவள்

ஆல்டர் தெரு, டாமரக் கவுண்டி, விஸ்கான்சின்
வெள்ளிக்கிழமை மாலை

தேவமாதாவின் காவலில் மேடிசன் நகரில் நலமாக இருக்கும் என் தங்கை மகன் ஜெரார்டுக்கு, உன் பெரியம்மா ஒடீலியா க்ராமர் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். முழங்கால் நலமில்லை. உன் மனைவி மக்கள் சுகத்தையும், கடைசிக் குழந்தைக்குப் பல் முளைத்த விவரத்தையும் அறிய ஆவல்.

முதலில் ஒரு திருத்தம். நான் நீதிமன்றத்திலிருந்து அரசாங்க நாற்காலி எதையும் திருடவில்லை. இன்று மாலை கோவில் கூடத்தில் தவக்கால மீன் விருந்தின்போது உன் அம்மா லுசில் மூன்று மேசைகளுக்குக் கேட்கும்படி அப்படிச் சொன்னாள். உனக்கும் தொலைபேசியில் சொல்லியிருப்பாள். அந்த நாற்காலி எங்கள் சாப்பாட்டு மேசையின் ஆறு நாற்காலிகளில் ஒன்று. உன் பெரியப்பா லியோ உயிரோடு இருந்தபோது வாங்கியது. உயரமான முதுகும் அகலமான கைகளும் உள்ளது. அதைப் பட்டப்பகலில், ஒரு காவலர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க, என் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். திருடுகிறவளுக்கு யாரும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை.

அது ஏன் அங்கே போனது என்பதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரே ஒரு பெஞ்சுதான். சாட்சி சொல்ல வந்தவளும் அதில்தான் உட்கார வேண்டும், அவள் யாருக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறாளோ அவனுடைய அண்ணன் தம்பிகளும் அதில்தான் உட்கார வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன்பு ஒரு பெண் அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து ஓடிப்போய்த் தன் காருக்குள் பூட்டிக்கொண்டாள், வழக்கு தள்ளுபடியானது. மறுவாரம் நான் என் நாற்காலியைக் கொண்டுபோய்ப் பெஞ்சை ஒட்டி அதன் நடுவில், சரியாக இரண்டு தரப்புக்கும் இடையில், போட்டு உட்கார்ந்தேன். அன்றிலிருந்து சாட்சி வரும் நாளெல்லாம் உட்கார்கிறேன். குறுக்கெழுத்துப் போடுவேன். அவள் பேசினால் பேசுவேன், இல்லாவிட்டால் மாட்டேன். புதினா மிட்டாய் வைத்திருப்பேன். நான் சிறிய உருவம் இல்லை என்பது உனக்குத் தெரியும். என்னையும் அந்த நாற்காலியையும் தாண்டி யாரும் யாரையும் முறைக்க முடியாது. இதற்காக நான் யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை, யாரும் தரவும் இல்லை.

போன வசந்தத்தில் ஷெரிஃப் நூட்சன், லுத்தரன் சபைக்காரர் என்றாலும் ஒழுங்கான மனிதர், மத்திய அரசு மானியத்துக்கு விண்ணப்பம் போட்டார். வாஷிங்டனிலிருந்து மாநிலத்துக்கு வந்து, உங்கள் அலுவலகம் பிரித்துக்கொடுக்குமே, அந்தப் பணம். விண்ணப்பத்தை முப்பது நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது விதியாம். நூலகத்தில் விதைப் பட்டியல்களுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இந்தக் கவுண்டியில் அதைப் படித்த பொதுமக்கள் நான் ஒருத்திதான். அதில் "தேவை" என்று ஒரு கட்டம். "சாட்சிகளுடன் துணைக்கு இருக்க இந்தக் கவுண்டியில் எவரும் இல்லை" என்று அதற்குள் எழுதியிருந்தது. ஷெரிஃப் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் டோரீனிடம் போய்க் கேட்டேன்.

"டோரீன், நான் இருக்கேனே."

"நீங்க இருக்கீங்க ஒடீலியா, யாரு இல்லன்னா? சம்பளத்துக்கு யாரும் இல்லன்னு அர்த்தம்."

"அப்படி எழுதலையே."

"கட்டத்துல இடம் இல்ல. கம்ப்யூட்டர் அதுக்கு மேல வாங்க மாட்டேங்குது. தேவைன்னு கேட்டா தேவை இருக்கணும். பாதி தேவைக்கு எவன் பணம் குடுப்பான்?"

அது எனக்கு நியாயமாகப் பட்டது. பொதுமக்கள் சார்பில் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். அது என் பிழை, அதை யார்மேலும் சுமத்த மாட்டேன்.

மானியம் வந்தது. அக்டோபரில் கேசி என்ற பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். இருபத்துநாலு வயது, படித்தவள், மரியாதை தெரிந்தவள், மணிக்கட்டில் மட்டும் பச்சை குத்தியிருக்கிறாள். மாடியில் சோபாவும் விளக்கும் வைத்து அவளுக்கு ஓர் அறை. சாட்சிகள் அங்கே காத்திருக்கலாம், ஆனால் கீழே பெயர் கூப்பிடுவது மேலே கேட்காது. இரண்டு பேர் கூப்பிட்டும் வராமல் நீதிபதி கோபித்துக்கொண்ட பிறகு எல்லோரும் மறுபடி அதே பெஞ்சுக்கு வந்துவிட்டார்கள். நானும் என் இடத்திலேயே இருந்தேன். அதற்குள் மானியத்தில் வாங்கிய பொருள்களுக்கெல்லாம் எண் போட்ட வில்லை ஒட்ட வந்த காவலர், நான் காப்பி குடிக்கப் போன நேரத்தில் என் நாற்காலிக்கும் ஒன்று ஒட்டிவிட்டார். நாற்பத்தேழாம் எண். லுசில் பார்த்தது அந்த வில்லையைத்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வரும் வியாழக்கிழமை உங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி, மானியம் ஒழுங்காக நடக்கிறதா என்று நேரில் பார்க்க வருகிறார். அதே வியாழன் காலை ஒன்பது மணிக்குத்தான் ட்ரினாவின் வழக்கு. ட்ரினா முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறவள். போன கோடையில் அவள் கணவன் ராய் அவள் கையை முறித்தான். அவள் சாட்சி சொன்னால்தான் வழக்கு நிற்கும். நிற்காவிட்டால் அவன் மறுபடி அந்த வீட்டுக்கு வந்துவிடுவான். ஆறு வயது மகளோடு அவள் இருக்கும் வீடு என் வீட்டிலிருந்து நாலாவது.

செவ்வாய்க்கிழமை ஷெரிஃப் என் சமையலறைக்கு வந்தார். நான் சுட்ட ருபார்ப் பை பலகாரத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"மிசஸ் க்ராமர், அடுத்த வியாழக்கிழமை மட்டும் நீங்க வீட்ல இருந்துடுங்க. நாற்காலியையும் எடுத்துட்டுப் போயிடுங்க."

"ஏன்?"

"யாரும் இல்லன்னு எழுதி வாங்கின பணம் அது. ஏற்கெனவே நடக்கிற வேலைக்கு அந்தப் பணத்தைச் செலவு பண்ணக் கூடாது, அதுதான் முதல் விதி. அந்த ஆள் வந்து பாத்தா நீங்க பதினோரு வருஷமா உக்காந்திருக்கீங்க. அப்ப நாங்க எழுதினது பொய். கேசிக்கு வேலை போகும்."

ஜெரார்ட், இதை நான் மூன்று இரவு யோசித்துவிட்டேன். நான் இருந்தால் கேசி வந்திருக்கக் கூடாது. கேசி வந்துவிட்டதால் நான் இருந்திருக்கக் கூடாது. ஆனால் நான் இருந்தேன். கன்னியாஸ்திரீகளிடம் பன்னிரண்டு வருடம் படித்தவள், இந்தக் கணக்கு மட்டும் எனக்கு வரவில்லை. டோரீனிடம் விதிப்புத்தகத்தை எடுத்து வரச் சொன்னேன். பொதுமக்களில் ஒருத்தியாகச் சும்மா பெஞ்சில் உட்காரலாமா என்றேன். உட்காரலாமாம், ட்ரினாவிடம் பேசக் கூடாதாம், பேசினால் அது சேவை. பேசாமல் பக்கத்தில் இருந்தால்? டோரீன் வெகுநேரம் தேடினாள்.

"பேசாம பக்கத்துல இருக்கறதும் சேவைதான் ஒடீலியா. அதுக்குத் தனி எண்ணே இருக்கு."

"மிட்டாய்?"

"ஐயோ, மிட்டாய் பொருளுதவி. அது வேற மானியம்."

அந்த அதிகாரியைப் பற்றியும் கேட்டேன். பக்கத்துக் கவுண்டியில் மானியத்தில் வாங்கிய ஒரு தொலைநகல் இயந்திரம் எங்கே என்று ஒரு முழுநாள் தேடினாராம். அப்படிப்பட்டவரிடம் என்னைப் போன்ற அளவில் ஒருத்தியை எங்கே ஒளிப்பது?

கேசி இருக்கிறாளே என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் ட்ரினாவிடம் சொன்னேன். நேற்று வேலை முடிந்து ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்து என் வாசலிலேயே நின்றாள்.

"கேசி நல்ல பொண்ணுதான் மிசஸ் க்ராமர். ஆனா குச்சி மாதிரி இருக்கா. அவ தோளுக்கு மேல ராயோட அண்ணனுங்க மூஞ்சி மூணும் அப்படியே தெரியும்."

"நீ அவங்களப் பாக்காத. சுவத்தப் பாரு."

"சுவத்தப் பாத்துக்கிட்டுத்தான் நாலு வருஷம் அவன்கூட அந்த வீட்ல இருந்தேன். நீங்க வந்தா உள்ள போறேன், இல்லன்னா மாட்டேன். உங்கள மிரட்டறேன்னு நெனைக்காதீங்க. கால் எழும்பாது, அவ்ளோதான்."

நான் என்ன சொல்வது? வருகிறேன் என்றால் கேசியின் வேலை போகும், ஷெரிஃபின் பெயர் கெடும், அடுத்த வருடம் வரும் பெண்களுக்கு யாரும் இருக்க மாட்டார்கள், ஏனென்றால் எனக்கு எண்பத்திரண்டு ஆகிறது. வரவில்லை என்றால் ராய் நாலாவது வீட்டுக்கு வந்துவிடுவான். உள்ளே வா, காப்பி குடி என்று மட்டும் சொன்னேன். அவள் குடிக்காமல் போய்விட்டாள்.

நீ அந்தப் பணத்தைப் பிரிக்கிற அலுவலகத்தில் இருக்கிறாய். அங்கே நீ சரியாக என்ன செய்கிறாய் என்பதை லுசில் நான்கு முறை விளக்கியும் எனக்குப் புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் கேட்கிறேன். ஒரு கிழவி தன் சொந்த நாற்காலியில், ஒரு பெண்ணுக்கும் மூன்று ஆண்களுக்கும் நடுவே உட்கார இடம் தரும் விதி உங்கள் புத்தகத்தில் எங்காவது இருக்கிறதா?

உன் குடும்பத்துக்காகத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன், கடைசிக் குழந்தையின் பல்லுக்கும் சேர்த்து. உன் அம்மாவிடம் நாற்காலி விஷயத்தை நீயே சொல்லிவிடு, அவள் என் பேச்சைக் கேட்பதில்லை. எல்லோருக்கும் என் ஆசீர்.

அன்புடன் பெரியம்மா,
ஒடீலியா க்ராமர்

பின்குறிப்பு, சனிக்கிழமை காலை: மேலே எழுதியது எதுவும் இனி பொருந்தாது. உறையை ஒட்டும் நேரத்தில் டோரீன் வந்தாள். மானியம் பெறுகிறவர்கள் கட்டாயம் எடுக்க வேண்டிய நாற்பது மணி நேரப் பயிற்சிக்குக் கேசியை உங்கள் அலுவலகமே மில்வாக்கிக்கு அழைத்திருக்கிறதாம். திங்கள் முதல் வெள்ளி வரை. ஆக வியாழக்கிழமை அதிகாரி வந்தால் தாழ்வாரத்தில் காட்ட ஆளே இல்லை. ஷெரிஃப் என்னை நாற்காலியோடு வரச் சொல்லிவிட்டார். அரையாண்டு அறிக்கையில் "பயிற்சி பெற்ற தன்னார்வலர்: ஒருவர்" என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறார்களாம். அது நான். என்ன பயிற்சி என்று டோரீனிடம் கேட்டேன்.

"நவம்பர்ல கேசி உங்களுக்குப் புது காப்பி மெஷின் ஓட்டக் கத்துக் குடுத்தாளே, அதுதான்."

ஆகவே நான் இப்போது இருக்கிறேன், ஆனால் கேசி வந்த அக்டோபரிலிருந்து மட்டும். அதற்கு ஒரு படிவம். சேவை தொடங்கிய தேதி என்ற இடத்தில் நான் பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதியை அழிக்க முடியாதபடி மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த முறை கட்டத்தில் இடம் இருந்தது. டோரீன் என் மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ட்ரினாவிடம் வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது, அவளும் வருகிறாள். அதைப் பற்றி உன்னிடம் நான் அனுமதி கேட்கவில்லை. அந்தத் தேதியால் கேசியின் வேலை போகுமா, போகாதா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். தொலைபேசியில் வேண்டாம். புதன்கிழமைத் தபாலுக்குள் எழுத்தில் பதில் அனுப்பு.