ஆமையைக் கொன்ற நாலாவது பத்தி

ஒரு காட்டில் பூங்கோதை என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த வைத்தியக் கல்லூரியில் அதற்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் உதவித்தொகை கிடைத்தால்தான் போக முடியும். உதவித்தொகைக்கோ கட்டுரை எழுத வேண்டும். பூங்கோதையிடம் இருந்ததெல்லாம் ஏழாம் வகுப்பில் எழுதிய ஒரே ஒரு கட்டுரைதான்.

காட்டுத்தீ வந்த அன்று குட்டியாயிருந்த பூங்கோதையைப் பக்கத்துக் குளத்து ஆமை நல்லமுத்து முதுகில் ஏற்றி ஆற்றைக் கடந்த கதை அது. முள்ளம்பன்றியை முதுகில் ஏற்ற ஆமையைத் தவிர வேறு யாரால் முடியும்? நடந்ததை நடந்தபடி எழுதியதால் அப்போது ஆறுதல் பரிசுதான் கிடைத்தது.

இரக்க குணத்துக்கான உதவித்தொகைக்கு அதையே தூசி தட்டி எடுத்தது. இப்போது கட்டுரையில் பூங்கோதைதான் ஆமையைச் சுமந்தது. அத்தனை முள்ளின் மேல் ஆமை எப்படி உட்கார்ந்தது என்று எந்தப் புண்ணியவானும் கேட்கவில்லை. தலைமைப் பண்புக்கான விண்ணப்பத்தில் கரையில் நின்று ஆமைக்கு உத்தரவு போட்டது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆமையை நீச்சலில் முந்தியது. மூன்றுக்கும் "வருந்துகிறோம்" என்றே பதில் வந்தது. உதவித்தொகைக் கமிட்டியும் பழைய கடிதத்தில் தேதியை மட்டும்தான் மாற்றியிருந்தது.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அன்புக்குரியவரை இழந்தவர்களுக்கான உதவித்தொகை.

பூங்கோதை தயங்கித் தயங்கிக் குளத்தங்கரைக்குப் போனது.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. தீயில நீங்க செத்துட்டதா எழுதிட்டேன்."

"என்னைக் கொன்னுட்டியா?"

"நாலாவது பத்தியில மட்டுந்தான் மாமா. மூணாவதுல நல்லாத்தான் இருக்கீங்க."

நல்லமுத்து தலையை ஓட்டுக்குள் இழுத்து, மறுபடி வெளியே நீட்டியது. "சரி போ, புள்ள படிச்சா சரி" என்றது.

கமிட்டித் தலைவர் யானை நாலாவது பத்தியில் தேம்பித் தேம்பி அழுதார். உதவித்தொகை கிடைத்தது. கடமை தவறாத யானை, காட்டுப் பதிவேட்டில் நல்லமுத்துவின் பெயரை அடித்துவிட்டு, குளத்தில் அதன் இடத்தை ஒரு நாரைக்கு ஒதுக்கியும் விட்டார்.

நல்லமுத்து பதறிப்போனது. "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று தலைப்பிட்டு, தீ வந்த அன்று நடந்ததையெல்லாம் தானே உட்கார்ந்து எழுதி எடுத்துக்கொண்டு போனது. யானை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"தீ, ஆறு, முதுகு... இது பூங்கோதையோட கட்டுரையாச்சே! வெட்கமா இல்ல? ஒரு சின்னப் பொண்ணு எழுதினதைக் காப்பியடிக்கிறியே!"

"ஐயா, நான்தான் அந்த ஆமை."

"அந்த ஆமை செத்துப்போச்சு. நானே அழுதிருக்கேன்."

மனு தள்ளுபடியானது. சேதி கேட்டுப் பூங்கோதைக்கு அழுகையே வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று யானையின் வாசல் வரைக்கும் போனது. உதவித்தொகை போய்விடுமே என்று திரும்பி வந்தது. மறுநாள் கல்லூரிக்குக் கிளம்பும்போது, குளத்துக்கு வெளியே வெயிலில் கிடந்த நல்லமுத்துவிடம் குனிந்து சொன்னது:

"கவலைப்படாதீங்க மாமா. மேல்படிப்புக்கு விண்ணப்பம் போடும்போது உங்களைப் பொழைக்க வச்சிடறேன்."

நீதி: எழுதத் தெரிந்தவரை முதுகில் ஏற்றாதே. ஏற்றிவிட்டால், கரை சேர்வதற்குள் நீயே ஒரு கட்டுரை எழுதி அனுப்பிவிடு.