மாமனாருக்காக நான் அள்ளிப்போட்ட தழை

குழந்தைகளே, கீழே கிடக்கும் எதையாவது நான் எடுத்து ஓரமாக வைக்கப் போனால், "காட்டைக் கூட்டினது போதுமுங்க" என்று உங்கள் அம்மா சொல்கிறாளே, நீங்களும் சேர்ந்து சிரிக்கிறீர்களே, அந்தக் கதை இது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எனக்குக் கல்யாணமான புதிது. உங்கள் அப்பிச்சிக்கு, அதாவது என் மாமனாருக்கு, கண்ணில் திரை விழத் தொடங்கியிருந்தது. பார்வை முழுக்கப் போவதற்குள் கொல்லிமலைக் காட்டையும் அங்குள்ள அருவியையும் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். நாமகிரிப்பேட்டைச் சந்தையைத் தாண்டி அறியாத நான் (எட்டாவது படித்த திமிர் வேறு) கூட்டிப் போவதாக மார் தட்டினேன்.

அடிவாரத்தில் பொன்னன் என்ற மலைக்காரர் வழிகாட்ட வந்தார். மாமனாரும் துணைக்கு வந்த அவர் தம்பியும் மெதுவாகத்தான் ஏறுவார்கள் என்பதால் அவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு முன்னே நடந்தார். சோற்று மூட்டையைத் தோளில் மாட்டும் மும்முரத்தில் நான் அதைக் காதில் வாங்காமலே பொன்னன் பின்னால் போனேன்.

வானம் தெரியாத காடு. மரம் ஒவ்வொன்றும் நாலு ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன். வழி பிரியும் இடத்தில் பொன்னன் ஒரு தழையை ஒடித்துப் பாதையின் குறுக்கே போட்டுவிட்டுப் போனார். கண் மங்கிய மனிதர் தடுக்கி விழுவாரே! நான் அதை எடுத்து, நாங்கள் போகாத மற்றப் பாதையில் வீசினேன். அடுத்த இரண்டு பிரிவிலும் அப்படியே. (எவ்வளவு பொறுப்பான மாப்பிள்ளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.)

அருவியில் ஆசை தீரக் குளித்தேன். உச்சி வெயிலாகியும் அவர்கள் வரவில்லை. அவர்களைத் தேடி என்னோடு திரும்பி வந்த பொன்னன், வழி பிரியும் இடத்தில் நின்றுவிட்டார்.

"போட்ட தழை எங்கீங்க சாமி?"

"நான்தான் எடுத்து அந்தப் பக்கம் போட்டேன்."

அவர் அப்படியே குந்திவிட்டார். "தழை கெடக்கற வழியா வாங்கன்னு அவுங்ககிட்டச் சொல்லியிருந்தனுங்களே."

முதல் பிரிவிலேயே காரியம் கெட்டுவிட்டது. மற்ற இரண்டும் நான் செய்த வெட்டி வேலை.

பொழுது சாயும்போது ஒரு பள்ளத்தில் அவர்களைக் கண்டுபிடித்தோம். காலெல்லாம் முள் கீறல். சோறோ என் தோளில். என் குரல் வந்த பக்கம் மாமனார் முகத்தைத் திருப்பினார்.

"மாப்பிள்ளைங்களா? அருவிச் சத்தமே கேக்கலீங்களே. இன்னும் எத்தன தூரமுங்க?"

இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும். இறங்கினோம்.

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஊரெல்லாம், "எங்க மாப்பிள்ளை காட்டையே கூட்டிப் பெருக்கிட்டாருங்க" என்று சொல்லிச் சிரித்தார். மறுவருஷம் பார்வை முழுக்கப் போயிற்று. விருந்துக்குப் போகும்போதெல்லாம், "அருவி எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்பார். சொல்வேன். அவருக்குத்தான் கண் தெரியாது, ஆனாலும் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் சொல்வேன்.

அவர் காலமான பிறகு, உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் ஒரு நாள் அந்த மலைக்குப் போனேன். முதல் பிரிவில் நின்று ஒரு தழையை ஒடித்து, அருவிக்குப் போகும் பாதையின் குறுக்கே போட்டேன். அருவி வரை போக மனம் வரவில்லை. திரும்பிவிட்டேன்.