வாஷ்பேசினில் ஊற்றிய பீட்ரூட்

அறிவியல் டீச்சர் என்றால் அறிவாளியாகத்தான் இருப்பாள் என்று கொடைக்கானலில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதை ஒரே மத்தியானத்தில் உடைத்தவள் நான். எனக்குள் ஒரு 'ஏன்' புகுந்துவிட்டால் பதில் தெரியும்வரை சோறு இறங்காது. பக்கத்தில் இருப்பவர்களையும் சாப்பிட விடமாட்டேன்.

எங்கள் பழைய குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டிப் பத்து நாள் ஆகியிருந்தது. புது டைல்ஸ், புதுக் குழாய், பளபளவென்று வாஷ்பேசின். (வந்தவர்களையெல்லாம் காபிக்கு முன்னால் பாத்ரூமுக்குத்தான் கூட்டிப்போனேன்.) முதல் நான்கு நாள் பேசினில் தண்ணீர் கடகடவென்று இறங்கியது. பிறகு யோசித்து யோசித்து இறங்க ஆரம்பித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் தேய்த்த தண்ணீர் வடிய நான்கு நிமிடம் ஆயிற்று. ஆமாம், வாட்ச் வைத்துப் பார்த்தேன்.

வேலை செய்த பிளம்பர் தண்டபாணி அண்ணன் எங்களுக்குக் கீழ் வீடு. மலைச்சரிவில் கீழ் வீடு என்றால் நிஜமாகவே கீழ்தான். எங்கள் வாசலில் நின்றால் அவர் வீட்டுத் தகரக் கூரை தெரியும். எங்கள் குளியலறைத் தண்ணீர் படிக்கட்டு ஓரச் சாக்கடையில் இறங்கி அவர் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவருக்குப் போன் போட்டேன்.

"டீச்சர், இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கங்க. நம்ம பிரியாவப் பொண்ணு பாக்கப் பண்ணைக்காட்டுல இருந்து வர்றாங்க. ரெண்டு எடம் தட்டிப்போயி இது மூணாவது. நாளைக்கு வெள்ளனே வந்து பாத்துர்றேன்."

"அதுக்கென்னண்ணே, நல்லபடியா முடியட்டும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் போனை வைத்த கை சும்மா இருக்கவில்லை.

முதலில் ஆப்பச் சோடாவைப் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்தேன். நன்றாகப் பொங்கியது, பார்க்க அழகாகவும் இருந்தது. தண்ணீர் மட்டும் அசையவில்லை. அடுத்து என் சந்தேகம் பைப்பின் வாட்டத்தின்மேல் விழுந்தது. தண்ணீர் தானாக ஓடுவதற்குக் கொடுக்கும் சரிவைத்தான் வாட்டம் என்பார்கள். அது தவறியிருந்தால் புது டைல்ஸை உடைக்க வேண்டும். உடைப்பதற்கு முன் நிரூபிக்க வேண்டாமா? கலர்த் தண்ணீரை ஊற்றி, வெளியே வர எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்துவிட்டால் போயிற்று. கலருக்கு எங்கே போவது? கிளாவரையிலிருந்து ஒரு மாணவியின் அப்பா கொடுத்தனுப்பிய பீட்ரூட் அரை மூட்டை வீட்டில் இருந்தது.

மிக்சியில் அரைத்துப் பிழிந்து ஒரு வாளி சாறு எடுத்தேன். வீட்டுக்காரரைச் சாக்கடை ஓரத்தில் நிறுத்தி, "சிவப்பு வந்தா சத்தம் கொடுங்க" என்றேன்.

"அதான் நாளைக்கு வர்றேன்னுட்டாருல்ல?" என்றார். (பதினெட்டு வருடமாக இப்படித்தான். எதிலும் ஆர்வமே கிடையாது.)

பேசின் நிறைய ஊற்றினேன். "வந்துருச்சு!" என்று குரல் வந்தது. நாற்பது வினாடி! நல்ல வாட்டத்துக்கு எத்தனை வினாடி ஆகும் என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. ஆனால் நாற்பது அதிகமாகப் பட்டது. உறுதி செய்துகொள்ள மறுபடி ஊற்றினேன். ஒழுங்காக வடிகிற பேசினாக இருந்தால் சிவப்பெல்லாம் ஒரு நிமிடத்தில் ஓடி மறைந்திருக்கும். இது கால் மணி நேரம் நிதானமாக, நூல் பிடித்த மாதிரி, கீழ் வீட்டு வாசல் வழியே ஓடிக்கொண்டிருந்தது.

"ஆத்தாடி, ரத்தம்! மேல் வீட்டுல யாருக்கோ என்னமோ ஆயிப்போச்சு, வெரசா வாங்க!" என்று கீழ் வீட்டு வாசலில் யாரோ அலறினார்கள்.

படியேறி முதலில் வந்தது பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா. பிரியாவைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயார். பின்னாலேயே தண்டபாணி அண்ணன் மூச்சு வாங்க வந்தார். எதிரே நான், மணிக்கட்டு வரை சிவந்த கைகளோடு.

"ஒண்ணும் இல்லைங்க, பீட்ரூட்" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "அண்ணன் போட்ட பைப்ல வாட்டம் சரியில்ல. அதைத்தான் டெஸ்ட் பண்றேன்."

அண்ணனின் முகம் சுருங்கியது. மகளைக் கேட்டு வந்த வீட்டாருக்கு முன்னால் அவர் தொழிலைக் குறை சொல்கிறோம் என்பது, சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். "இவரு செஞ்ச வேலையா? நாங்களும் வீடு கட்டுறோம், பாப்பமே" என்று நேராகக் குளியலறைக்குள் போய், பேசின் துவாரத்து மூடியைத் திருகி வெளியே எடுத்தார். மூடியில் ஒட்டியிருந்த ஜவ்வுத்தாள் நனைந்து உரிந்து, கீழே துவாரத்தில் அப்பிக்கிடந்தது. அவர் அதைச் சுரண்டி எடுத்ததும் பேசினில் மிச்சமிருந்த பீட்ரூட் மடமடவென்று இறங்கியது.

"ஏங்க, கவரைப் பிரிக்காமயா மாட்டுனீங்க?" என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "மறந்துபோச்சுங்க" என்றார்.

மாட்டிய அன்று அவர் அந்தத் தாளை உரிக்கப் போனார். "அண்ணே, கீறல் விழும், புதுசாவே இருக்கட்டும்" என்று தடுத்தவள் நான். (எங்கள் வீட்டு டிவி ரிமோட் ஆறு வருடமாக உறையோடுதான் இருக்கிறது.) அவர் நினைத்திருந்தால் ஒரே வார்த்தையில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம்.

"அவர் மறக்கலைங்க. பிரிக்கத்தான் போனாரு. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். வாட்டமும் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அந்த அம்மா என் கையைப் பார்த்தார், அந்தத் தாளைப் பார்த்தார், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடங்கியதும் அண்ணனிடம், "செய்யாத தப்பத் தலையில போட்டுக்கிட்டீங்களே! வாங்க, பொண்ணு காபியோட நிக்குது" என்று கூட்டிக்கொண்டு இறங்கினார். அன்று சாயங்காலமே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று சீர்வரிசையில் மிக்சியைத் தூக்கியபோது மண்டபமே, "டீச்சர், கவரைப் பிரிக்கலாமா?" என்று கேட்டது. இப்போதும் அந்த இரண்டு வீட்டிலும் யார் புது மொபைல் வாங்கினாலும் எனக்குப் போன் செய்து அதையே கேட்பார்கள். போன மாதம் பிரியா பிரசவமாகி அப்பா வீட்டுக்கு வந்தாள். தலை முதல் கால் வரை கம்பளியில் பொதிந்த பேரனை அந்த அம்மா என் மடியில் வைத்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார்.

"புதுசுங்க டீச்சர். பிரிச்சுப் பாக்கலாங்களா?"

பிரிக்கச் சொன்னேன்.